ஒரே புள்ளியில் பதினான்கு பெண்கள்

1. திங்கட்கிழமை வந்த போன்

"உங்க பிளாக்ல பெண்களுக்கு நோயே வராதா சார்?"

சென்னையிலிருந்து இணை இயக்குநர் மேடம் போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நானோ பாராட்டப்போகிறார் என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

பாராட்டை எதிர்பார்த்ததற்குக் காரணம் உண்டு. அப்போது நான் சுகாதாரக் கணக்கெடுப்பில் மேற்பார்வையாளர். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. வீடு வீடாகப் போய், யாருக்கு என்ன நோய், எங்கே வைத்தியம் பார்த்தார்கள் என்று கேட்டு டேப்லெட்டில் பதிவு செய்கிறவர்களை நாங்கள் இன்வெஸ்டிகேட்டர் என்போம். ஓர் ஆளுக்கு ஒரு ஷெட்யூல், அதாவது ஒரு கேள்விப் படிவம். அவர்கள் அனுப்புவதைத் திறந்து பார்த்து, 'சரி' என்று அழுத்தி மேலே தள்ளுவது என் வேலை. அந்தச் சுற்றில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை. யாருக்கு எந்த நோய் கூடுதல், யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், யார் போகாமலே நாளைத் தள்ளுகிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதற்கு. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு லேடி டாக்டர் வேண்டும், எங்கே இரும்புச்சத்து மாத்திரை கூடுதலாகப் போக வேண்டும் என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதி கேட்டேன், பாதி தூங்கினேன்.

எங்கள் பிளாக் நன்னிலம் பக்கம். 'ஆள் வீட்டில் இல்லை' என்ற பதிவு எங்கள் பிளாக்கில் ஒன்றுகூடக் கிடையாது. அதற்காக மேடமே பத்து நாளுக்கு முன் வாட்ஸ்அப் குரூப்பில் எனக்குக் கை தட்டும் படம் போட்டிருந்தார். அந்தப் படத்தை நான் வீட்டில் எல்லோருக்கும் காட்டியிருந்தேன்.

"ஒரு கிராமத்துல பதினாலு பெண்கள். பதினாலு பேருக்கும் ஒரு நோயும் இல்ல. தலைவலிகூட இல்ல. அதே ஊர் ஆம்பளைங்களுக்கு சுகர், பிரஷர், மூட்டுவலி எல்லாம் இருக்கு. இத நான் அட்டவணைல போட்டா, சேத்துல இறங்கி நிக்கிற பொம்பளை ஆம்பளைய விட ஆரோக்கியமா இருக்கான்னு அர்த்தம். நம்புறீங்களா சார்?"

"மேடம், செக் பண்ணி..."

"அதுக்குள்ள நானே பண்ணிட்டேன். பதினாலு இன்டர்வியூவும் ஒரே ஜி.பி.எஸ். புள்ளில நடந்திருக்கு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள. அந்தப் பொண்ணு எங்கயோ ஒரு எடத்துல உட்கார்ந்து பதினாலு ஷெட்யூலையும் தானே ரொப்பியிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க ஊருக்குப் போயி வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் அனுப்புங்க. அது வந்ததும் பிளாக்லிஸ்ட் பண்ணிடலாம்."

எங்கள் வேலையில் பிளாக்லிஸ்ட் என்றால் இந்தக் கணக்கெடுப்போடு முடிகிற விஷயமில்லை. அந்தப் பெயர் எல்லாத் துறைக்கும் போகும். அப்புறம் எந்தக் கணக்கெடுப்பிலும் வேலை கிடையாது. பொய் எழுதினவள் என்ற பட்டம் மட்டும் நிலைக்கும்.

2. என் குரல்

அந்த இன்வெஸ்டிகேட்டர் பெயரை மகேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். கணக்கெடுப்பில் வந்த யார் பெயரையும் வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதனால் ஊர்ப்பெயரை விட்டுவிட்டேன், ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். மகேஸ்வரிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. திருவையாறு பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் பேச இடம் கொடுக்கமாட்டேன். அதைத் திறமை என்று நினைத்திருந்த காலம் அது. அன்று மத்தியானம் மகேஸ்வரி ஆபீசுக்குள் வந்து உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"வீட்ல உக்காந்து எழுதுனதுக்கு சம்பளமா? என் சர்வீஸ்ல ஒரு ஷெட்யூல் திரும்பி வந்ததில்ல. என் பேரக் கெடுக்குறதுக்குன்னே வந்தீங்களா?"

அவர் அழவில்லை. எதிர்த்தும் கத்தவில்லை. டேபை என் பக்கம் திருப்பினார்.

"வீட்ல உக்காந்து எழுதியிருந்தா புள்ளி எங்க வீட்டு மேல விழுந்திருக்கும் சார். எங்க வீடு திருவையாத்துல இருக்கு. இத கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க."

பெரிதாக்கினேன். வீடு இல்லை, தெரு இல்லை. பச்சையாக ஒரு கட்டம், பக்கத்தில் கோடு போல ஒரு வாய்க்கால்.

"இது வயலுல்ல?"

"ஆமா சார்."

"வயல்ல உங்களுக்கு என்னங்க வேலை?"

"நீங்கதான சார் போகச் சொன்னீங்க?"

செல்லை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜை ஓட்டினார். அதில் நான் பேசினேன். 'ஏம்மா, நடவு சீசன்ல பொம்பளைங்க வீட்ல இருக்கமாட்டாங்கன்னு எனக்குச் சொல்றீங்களா? வீட்ல இல்லன்னா வயல்ல போயி பிடிங்க. ஆள் இல்லைன்னு ஒரு ஷெட்யூல்கூட எனக்கு வரப்படாது.'

என் குரலை அதற்கு முன் நான் அப்படிக் கேட்டதில்லை. கேட்கப் பிடிக்கவும் இல்லை.

நடந்தது இதுதான். மகேஸ்வரி மூன்று நாள் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறார். பெண்கள் விடிந்ததும் நடவுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் இருந்த ஆண்கள் தங்கள் நோயை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, மனைவியின் நோயையும் தாங்களே சொல்ல முன்வந்திருக்கிறார்கள். 'அவளுக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கா, இல்லைன்னு போட்டுக்க' என்று ஒருவர் சொன்னாராம். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் சொல்வதை எழுதக்கூடாது என்று படித்தது ஞாபகம் இருந்ததால் மகேஸ்வரி அதை எழுதவில்லை. நான் சொன்னபடி வயலுக்குப் போனார். வரப்பில் உட்கார்ந்து, டீ குடிக்க, தண்ணீர் குடிக்க என்று கரையேறிய பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். பதினாலு பேரும் "ஒண்ணுமில்ல" என்றார்கள். 'இல்லை' என்று அழுத்தினால் அடுத்த பக்கங்கள் திறக்காது. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது. ரத்தப் பரிசோதனைக்கு விரலை நீட்டச் சொன்னால், கையெல்லாம் சேறு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா ஆள் இல்லைன்னு போட விட்டிருப்பீங்களா சார்?"

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவன் நானே. மேடத்தைக் கூப்பிட்டு அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு மெமோ வாங்கினால் பென்ஷன் பேப்பர் நகராது என்று கேள்விப்பட்டிருந்தேன். "நாளைக்கு ஊருக்குப் போயி பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். அங்கே போனால் மகேஸ்வரி செய்த வேறு ஏதாவது தப்பு அகப்படும், என் தப்பு சின்னதாகிவிடும் என்ற ஆசை எனக்குள் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையை எழுத உட்கார்ந்துவிட்டு அதை மட்டும் விடக்கூடாது.

3. வரப்போரம்

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வயலுக்குப் போனோம். புரட்டாசி மாதம், சம்பா நடவு. மிஷின் நடவு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இருந்தாலும் மிஷின் இறங்காத பள்ளமான வயலுக்கு இன்றும் ஆள் நடவுதான். பெண்கள் தனித்தனியாகப் போவதில்லை, ஒரு செட்டாகப் போவார்கள். செட்டுக்கு ஒருவர் தலைமை. வேலை பேசுவது, ஆள் சேர்ப்பது, யார் எங்கே நிற்பது என்று சொல்வது எல்லாம் அவர்தான். இந்தச் செட்டின் தலைவி தனபாக்கியம். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆள் ஒல்லி, குரல் மட்டும் அடுத்த ஊர் வரை கேட்கும்.

நான் வரப்பில் நின்று, அதிகாரி தோரணையில் சத்தமாகவே கேட்டேன்.

"இந்தப் பொண்ணு போன வாரம் வந்து உங்ககிட்ட கேள்வி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்" என்று நாலைந்து குரல்.

"யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல சார்."

மகேஸ்வரி என்னைப் பார்த்தார். நானும் அதே இடத்தில், அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கியிருந்தேன். ஆக அவர் பொய் எழுதவில்லை. பெண்கள் சொன்னதைத்தான் எழுதினார். அதோடு திரும்பியிருந்தால்கூட அவர் பெயர் தப்பியிருக்கும். ஆனால் மேடம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது. பதினாலு பேருக்கும் நோயே இல்லை என்பதை நானும் நம்பவில்லை.

வேறு வழி தெரியாமல் வரப்பிலேயே உட்கார்ந்து நடவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாக நின்று, குனிந்தபடி, பின்பக்கமாக நகர்ந்து நடுவார்கள். என் அப்பாவும் விவசாயிதான், சின்ன வயதிலிருந்து நான் பார்த்த காட்சிதான். பார்த்ததற்கும் கவனித்ததற்கும் உள்ள தூரம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அரைமணிக்கு ஒரு தடவை தனபாக்கியம் ஏதோ சொல்வார். வரிசையின் இரண்டு ஓரத்திலும் நிற்கும் பெண்கள் உள்ளே வருவார்கள், உள்ளேயிருந்து இருவர் வரப்போரம் போவார்கள். நடுவில் நிற்பவர்களில் பலர் இடம் மாறவே இல்லை. ஓரத்துக்கு மாறி மாறிப் போனது அதே ஐந்து பேர்தான்.

டீ நேரத்தில் தனபாக்கியம் போர்வெல் ஷெட் பக்கம் கை கழுவப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, அந்த அஞ்சு பேரு மட்டும் ஏன் ஓரத்துக்கு மாறி மாறி வர்றாங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு கேக்குறீங்க?"

"இந்தப் பொண்ணு பொய் எழுதிடுச்சுன்னு மேல சொல்றாங்க. வேலை போயிடும் போல இருக்கு."

"அந்தப் பாப்பாவா? வெயில்ல வரப்புல உக்காந்து கேட்டுட்டுப் போச்சே, அதுவா பொய் எழுதுனுச்சு?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரல் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. "ஓரத்துல நின்னா தலை சுத்துனா வரப்புல உக்காரலாம் சார். நடுவுல நின்னு விழுந்தா சேத்துலல்ல விழணும்? வரிசையும் அறுந்துபோவும். ரெண்டு வரப்பு, அஞ்சு பேரு. மாத்தி மாத்தி விடுறேன். இன்னும் ரெண்டு பேரு இருக்காளுக, நாத்துக்கட்டு தூக்கவே விடமாட்டேன். அது ஏன்னு உங்ககிட்ட சொல்ல முடியாது. பொம்பளை சமாசாரம்."

"பின்ன ஏம்மா எல்லாரும் ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க?"

"எங்க வச்சு கேட்டீங்க? என் எதுக்க. வயக்காரரு அந்தாண்ட நிக்கிறாரு. முடியலைன்னு எவ வாயத் தொறப்பா? நாளைக்கே ஒருத்தி கொறைஞ்சா செட்ட வேண்டாம்னு சொல்லிட்டு மிஷினுக்குப் போன் போட்டுருவாரு. அவளுக நோவு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்ங்கிறது அவளுகளுக்கும் தெரியும். ஆனா வாய்விட்டுச் சொல்லிட்டா, அப்புறம் நான் ஆளை மாத்தணும்."

முப்பது வருஷமாக நான் நோயை எண்ணிக்கொண்டிருந்தவன். என் டேபில் பதினாலு பேருக்கும் ஒன்றுமில்லை என்று இருந்தது. எந்தப் பயிற்சிக்கும் போகாத ஒரு பெண், யாருக்கு எவ்வளவு முடியவில்லை என்பதை நடவு வரிசையில் நிற்க வைத்தே கணக்கெடுத்து வைத்திருந்தார்.

"எப்ப வந்தா தனித்தனியா பேசுவாங்க?"

"நாளைலேந்து ரெண்டு நாளு எங்க வாய்க்காலுக்கு முறை இல்லை, தண்ணி அடைச்சுருவாங்க. நடவு கெடையாது. வீட்ல வந்து கேக்கட்டும். பாப்பா மட்டும் உள்ள வரட்டும். நீங்க வராதீங்க."

4. ஆண்களைப் பிடித்து வைத்தது

முறைப்பாசனத்தைத் திட்டாத விவசாயி இல்லை. அந்த வாரம் வாய்க்காலை அடைத்தவர்களுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மகேஸ்வரி வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்டார். என் வேலை, வீட்டு ஆண்களைத் தெருவில் பேச்சில் பிடித்து வைப்பது. என் சர்வீசில் இதைவிட உபயோகமான வேலை நான் செய்ததில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மேட்டூரில் எவ்வளவு தண்ணீர், யூரியா கிடைக்கிறதா என்று ஆரம்பிப்பேன். பத்து நிமிஷத்தில் பேச்சு அவர்கள் சுகருக்கும் மூட்டுவலிக்கும் வந்துவிடும். ஒருவர் மாத்திரை அட்டையோடு வந்து காட்டினார். மகேஸ்வரியிடம் மனைவியைக் கல் என்று சொன்னவர் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. ஆண்கள் மறைப்பதும் உண்டு. குடியைப் பற்றிக் கேட்டால் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். ஆனால் அவர்களுக்கு நோய் என்றால் ஒரு சீட்டு இருக்கும், ஒரு ஆஸ்பத்திரி பெயர் இருக்கும், கூட்டிப்போக ஓர் ஆள் இருக்கும்.

உள்ளே என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வெரிஃபிகேஷன் ஷெட்யூல் வழக்கம்போல என்னிடம் வராது, முடித்ததும் பூட்டிக்கொண்டு நேரே சென்னைக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்தது நேரம் மட்டும். வயலில் எட்டு நிமிஷத்தில் முடிந்த பேட்டி வீட்டில் அரைமணி ஆனது. சில வீடுகளில் அதற்கும் மேல். விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் பார்க்க ஒருவர்கூட மறுக்கவில்லை. மகேஸ்வரி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வரும்போது முகம் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒரு வீட்டிலிருந்து வந்து தண்ணீர் பாட்டிலை முழுசாகக் குடித்துவிட்டு, "எங்கம்மாகிட்ட நான் இதெல்லாம் கேட்டதே இல்ல சார்" என்றார். அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தார்.

கடைசி வீடு தனபாக்கியத்துடையது. நான் வெளியில் காத்திருந்தேன். அரைமணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. அவர் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை என்பதால் எனக்குப் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. ஐம்பதாவது நிமிஷம் மகேஸ்வரி வாசலுக்கு வந்தார்.

"சார், ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் சீட்டு எழுதணும். இன்னைக்கே."

"யாருக்கு?"

"இவங்களுக்குத்தான். ரத்தம் ஆறுக்கும் கீழ காட்டுது. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

பெண்களுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். ஆறுக்குக் கீழே போன ஒருவர் எழுந்து நடப்பதே பெரிது. இவர் முந்தாநாள் வரை குனிந்து நட்டுக்கொண்டிருந்தார். அதுவும் வரிசையின் நட்ட நடுவில். மற்ற ஐந்து பேரை வரப்போரம் மாற்றி மாற்றி நிறுத்தியவர், தன்னை ஒருநாளும் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை.

சீட்டை எழுத ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து தனபாக்கியம் குரல் கேட்டது.

"நடவு முடியட்டும் சார், போறேன். நான் இல்லைன்னா செட்டு ஒடைஞ்சுரும்."

மகேஸ்வரி திரும்பி உள்ளே போனார். "அக்கா, நீங்க உயிரோட இல்லைன்னாலும் செட்டு ஒடையும். நீங்க தேறி வந்தாத்தான் திரும்பச் சேரும். கிளம்புங்க." அந்தப் பெண்ணுக்கு அதட்டவும் தெரியும் என்று அன்று கண்டுகொண்டேன். ஆட்டோ வரவழைத்து, கூடவே ஏறி, திருவாரூர் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும் வரை இருந்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார். அது அவர் வேலையில்லை. எந்த ஷெட்யூலிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அன்றைக்கு ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டி, பல மாதமாக ரத்தப்போக்கு. இன்னும் ஒரு நடவு தாண்டியிருக்கமாட்டார் என்று டாக்டர் மகேஸ்வரியிடம் சொல்லியிருக்கிறார்.

5. பதினோராம் கட்டம்

வெரிஃபிகேஷன் ரிப்போர்ட்டில் பதினோராவது கட்டம், 'தவறுக்குப் பொறுப்பானவர்'. வெள்ளிக்கிழமை காலையில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷத்தில் அந்தக் கட்டத்தில் நான் எத்தனையோ பெயர் எழுதியிருக்கிறேன். எல்லாம் என்னைவிடச் சின்ன பதவியில் இருந்தவர்களின் பெயர்.

'பருவச் சூழல்' என்று எழுதிவிட்டால் யாருக்கும் வலிக்காது என்று ஒரு எண்ணம் வந்தது. எழுதியும் பார்த்தேன். படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. பருவம் வந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பவில்லையே. அதை அடித்துவிட்டு என் பெயரையும் பதவியையும் எழுதினேன். இன்வெஸ்டிகேட்டரை வேலையிடத்துக்குப் போய்ப் பேட்டி எடுக்கச் சொன்னது நான், அங்கே கேட்டால் உண்மை வராது என்று யோசிக்காததும் நான், பதினாலு ஷெட்யூலும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்க்காமல் 'சரி' அழுத்தியதும் நான் என்று மூன்று வாக்கியம்.

அரைமணியில் மேடம் கூப்பிட்டார்.

"இந்தக் கட்டத்துல ஒரு சூப்பர்வைசர் தன் பேர எழுதி நான் பார்த்ததில்ல சார்."

"நானும் எழுதினதில்ல மேடம்."

மேடம் அடுத்ததைக் கேட்டார்.

"இந்த ரிப்போர்ட்டால உங்களுக்கு மெமோ வரும். அது தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"பெண்கள் ஆயுசு கூட இருக்காங்கன்னுதான் எல்லாரும் பார்க்கிறாங்க. அந்த ஆயுசுல எத்தனை வருஷம் முடியாம கிடக்கிறாங்கன்னு யாரும் கேக்கிறதில்ல. கேட்டா இப்படித்தான் கேக்கிறோம், ஊரைக் கூட்டி வச்சு." அவர் குரல் மாறியிருந்தது. "அந்தப் பொண்ணுகிட்ட போன குடுங்க."

அன்று ஆபீசில் இருந்த மகேஸ்வரியிடம் கொடுத்தேன். மேடம் என்ன சொன்னார் என்று தெரியாது. போனை வைத்த பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அழாதவர் அப்போதுதான் அழுதார்.

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். பென்ஷன் பேப்பர் நாலு மாதம் தாமதமாகத்தான் நகர்ந்தது. ஆனால் அதற்கு முன் எல்லா மாவட்டத்துக்கும் ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது. பெண்களை வேலையிடத்தில் வைத்துக் கேட்கக்கூடாது, குடும்பத்தார் முன்னிலையிலும் கூடாது, ஆள் இல்லை என்று எழுதுவது குற்றமல்ல, இன்னொரு நாள் போக வேண்டும். பிளாக் முழுக்கப் பெண்களைத் திரும்பக் கேட்ட பிறகு, அந்தச் சுற்றின் அட்டவணையில் எங்கள் பிளாக்கில் பெண்களின் நோய் ஆண்களுடையதைத் தாண்டியிருந்தது. ஒரே மாதத்தில் யாருக்கும் புதிதாக நோய் வந்துவிடவில்லை. தனியாகக் கேட்டோம், சொன்னார்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு லேடி டாக்டர் வந்தார்.

மகேஸ்வரியின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். பிறகு தேர்வு எழுதி நிரந்தர வேலைக்கே வந்துவிட்டார். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுக்கிறார். கடைசி வரிசையில் யாரையும் தூங்க விடுவதில்லை என்று கேள்வி.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கையில்தான் கணக்கெடுப்பே நடக்கிறது. அந்த ஒரு சோற்றை எங்கிருந்து, யார் முன்னால் எடுக்கிறோம் என்று பாருங்கள். எண் விபரீதமாக வந்தால் எழுதினவரைச் சந்தேகிக்கும் முன், கேட்ட இடத்துக்குப் போய் நில்லுங்கள். 'ஒன்றுமில்லை' என்பதும் ஒரு பதில்தான். ஆனால் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள்.

கட்டியை எடுத்த ஆபரேஷன் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து தனபாக்கியத்தை நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முகத்தில் நிறம் வந்திருந்தது. செட்டு திரும்பச் சேர்ந்துவிட்டதாம். "நல்லா இருக்கேன் சார். பாப்பாவக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். பஸ் வந்துவிட்டது, சத்தமாக யாரையோ திட்டிக்கொண்டே ஏறினார்.

வீட்டுக்கு வந்து பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஓய்வு பெறும்வரை அந்த அனுமதி எனக்கு இருந்தது. திரும்பக் கேட்டதும் ரத்து செய்யப்பட்ட பழைய பதினாலு ஷெட்யூலில் அவருடையது ஒன்பதாவது. எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'. அடியில், மேற்பார்வையாளர் சரிபார்த்தார் என்று என் பெயர். மகேஸ்வரி அன்று என் குரலை எனக்கே போட்டுக் காட்டாமல் பயந்துபோய்ச் சும்மா இருந்திருந்தால், ஒரு பெண்ணின் வேலையும் இன்னொரு பெண்ணின் உயிரும் அந்த ஒரு 'சரி'யில் முடிந்துபோயிருக்கும். நான் அதைத் தெரிந்துகொள்ளாமலே, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றிருப்பேன்.